நியூ போட்ட காலமும் கேட்டு வாங்கும் காலமும்

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் முதன்முறை போகிறவர்கள் இன்ஃபோசிஸ் வளாகத்தின் உயரமான தூண்களைப் பார்த்துவிட்டு, இது எந்த மகாராஜா கட்டியது என்று கேட்பதுண்டு. 2009இல் சோனியா காந்தி திறந்து வைத்த இரண்டாவது கல்வி மையம் அது. 337 ஏக்கர் வளாகத்தில் ஒரே நேரத்தில் 10,000 பேருக்கு மேல் தங்கிப் படிக்கலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஈரோட்டிலும் விருதுநகரிலும் பொறியியல் முடித்த பிள்ளைகள், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் சான்றிதழ்க் கோப்புமாகக் ரயிலில் வந்து இறங்கும் ஊர் இது. மெக்கானிக்கல் படித்தவர், சிவில் படித்தவர் எல்லோரும் சில மாதங்களில் புரோகிராமர் ஆகிவிடுவார்கள். இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியே மைசூரு என்.ஐ.இ. கல்லூரியில் 1967இல் எலெக்ட்ரிக்கல் முடித்தவர்தான்.

இதே ஊருக்குப் பயிற்சிக்கென்று வந்து, இங்கேயே தங்கி, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த இருபது ஆண்டில் ஜாவா வகுப்பில் அதிகம் மாறியது எது என்று யாராவது கேட்டால், ஆப்ஜெக்டை உருவாக்கும் விதம் என்றுதான் சொல்வேன். முதல் வாரப் பாடம் அது. பத்து வருட அனுபவக்காரர்கள் கோட் ரிவ்யூவில் மோதிக்கொள்வதும் அதே விஷயத்துக்காகத்தான்.

மாறியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்று, தேவைப்பட்டவரே தேவைப்பட்ட இடத்தில் ஆப்ஜெக்டை உருவாக்கிக்கொண்டார். இன்று, தேவைப்பட்டவர் கேட்கிறார். வேறொருவர் செய்து கையில் கொடுக்கிறார். அன்று ஆப்ஜெக்ட் வெறுமையாகப் பிறந்து, பிறகு போகிற வழியில் நிரம்பியது. இன்று முழுதாகப் பிறக்கிறது. முடியாதென்றால் பிறப்பதே இல்லை.

அன்று: எங்கும் நியூ

2005 வாக்கில் ஆப்ஜெக்ட் என்றால் நியூ. அந்தச் சொல்லுக்கு அப்போதே வயது நாற்பதை நெருங்கியிருந்தது. ஆஸ்லோவில் நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே நியூ உண்டு. வரிசைகள், போக்குவரத்து போன்றவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்காகப் பிறந்த மொழி அது. சி பிளஸ் பிளஸ் அதை எடுத்துக்கொண்டது; 1995இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவாவும் எடுத்துக்கொண்டது.

எங்கள் வகுப்பில் சொல்லித்தந்த முறை எளிமையானது. ஒரு கிளாஸ் எழுது. எதுவும் கேட்காத வெற்றுக் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று வை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர். ஜாவாபீன்ஸ் என்ற பெயரில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த ஒப்பந்தம் அது. திரைக் கருவிகளுக்காக வந்த வழக்கம் எல்லா கிளாஸுக்கும் பரவிவிட்டது.

இந்தப் பக்கத்து விஷயம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாகக் கூடலூருக்குச் சரக்கு ஏற்றும் லாரி சர்வீஸுக்கு ஒரு மென்பொருள். அதில் ‘பயணம்’ என்று ஒரு கிளாஸ். லாரி எண், சரக்கின் எடை, புறப்படும் ஊர், சேரும் ஊர், பந்திப்பூர் செக்போஸ்ட்டை அடையும் நேரம் என்று ஐந்து தகவல்கள். பழைய முறையில் நியூ போட்டதும் ஒரு பயணம் கைக்கு வந்துவிடும். லாரி இல்லாத, ஊர் இல்லாத, நேரம் இல்லாத பயணம். அடுத்த ஐந்து வரியில் செட்டரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். நான்காவது செட்டரை மறந்தாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. இந்தத் திரையில் மறந்தது, மூன்று திரை தள்ளி, ரசீது அச்சடிக்கும் இடத்தில் நல் பாயிண்டர் எக்ஸப்ஷனாக வந்து விழும். பிழை எழுதப்பட்ட இடம் ஒன்று, வெடித்த இடம் வேறு. நல் என்பதை 1965இல் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று மேடையிலேயே சொன்னார்.

இதில் பந்திப்பூர் விதியும் சேரட்டும். காட்டு விலங்குகள் அடிபட்டுச் சாவதால் அந்தச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. சரக்கு லாரிக்குக் கிடையாது. இந்த விதி புரோகிராமில் எங்கே இருக்கும்? பயணம் என்ற கிளாஸுக்கு ஒன்றும் தெரியாது. அது செட்டர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் பை. ஆகவே பதிவுத் திரையில் ஒரு இஃப். எக்செல் கோப்பை ஏற்றும் இடத்தில் இன்னொரு இஃப். மொபைலுக்கென்று பிறகு சேர்த்த பகுதியில் ஒன்று இருக்க வேண்டும். அங்கே இல்லை, எழுதியவருக்கு விதியே தெரியாது. இரவு 11 மணிக்கு செக்போஸ்ட்டை அடையும் லாரிப் பயணம் ஒன்று கணினியின் நினைவகத்தில் எந்தத் தடையும் இல்லாமல் பிறந்து, டேட்டாபேஸிலும் போய் உட்கார்ந்துவிடும்.

கன்ஸ்ட்ரக்டரிலேயே எல்லாவற்றையும் கேட்டால்? கேட்டவர்களும் உண்டு. அங்கே வேறு தொல்லை. இரண்டு ஊரும் வெறும் எழுத்துச்சரம்தான். கூடலூரை முன்னாலும் மைசூரைப் பின்னாலும் மாற்றிக் கொடுத்தால் லாரி எதிர்த்திசையில் ஓடும், கம்பைலர் சம்மதிக்கும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இதற்குப் பேர்போன உதாரணம் உண்டு. பழைய டேட் கிளாஸில் நியூ போட்டு 2005, 3, 1 என்று மூன்று எண்ணைக் கொடுத்தால், 2005 மார்ச் 1 கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கிடைப்பது 3905ஆம் ஆண்டு ஏப்ரல் 1. ஆண்டை 1900இலிருந்தும் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்தும் எண்ணும் கன்ஸ்ட்ரக்டர் அது.

இன்னொரு பழக்கம் இதைவிட ஆழமானது. பயணத்தைப் பதிவு செய்யும் கிளாஸுக்கு டேட்டாபேஸ் வேண்டுமா? உள்ளேயே நியூ. எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டுமா? உள்ளேயே நியூ. இப்போது மணி என்ன? அதற்கும் உள்ளேயே நியூ டேட். ‘இப்போதே கிளம்பும் லாரியைப் பதிவு செய்ய முடிகிறது’ என்று இதற்கு ஒரு யூனிட் டெஸ்ட் எழுதுங்கள். மைசூரிலிருந்து செக்போஸ்ட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மாலை 7 மணி வரை டெஸ்ட் பச்சையாக ஓடும். அதற்குப் பிறகு அதே கோட், அதே டெஸ்ட், சிவப்பு. காலையில் வந்து பார்ப்பவருக்கு மறுபடி பச்சை. கோட்டில் பிழை இல்லை. நேரத்தைத் தானே உருவாக்கிக்கொண்டதுதான் பிழை. போதாததற்கு, டெஸ்ட் ஓடும்போதெல்லாம் யாரோ ஒரு டிரைவருக்கு உண்மையான எஸ்.எம்.எஸ். போகும்.

சிங்கிள்டன் மோகம்

ஆப்ஜெக்ட் உருவாக்கத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடெஸ் நால்வரும் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் நூல் 1994இலேயே வந்துவிட்டது. அதிலுள்ள 23 பேட்டர்ன்களில் ஐந்து, படைப்புக்கென்றே உள்ளவை: அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி, பில்டர், ஃபேக்டரி மெத்தட், ப்ரோட்டோடைப், சிங்கிள்டன்.

ஐந்தில் நாங்கள் மனப்பாடம் செய்தது சிங்கிள்டன். இன்டர்வியூவில் தவறாமல் வரும் கேள்வி அது. பத்து வரியில் எழுதிவிடலாம். ஒரே ஒரு ஆப்ஜெக்ட், யார் எங்கிருந்து கேட்டாலும் அதே ஆப்ஜெக்ட். அந்தப் பத்து வரியிலும் ஒரு பொறி இருந்தது. இரண்டு முறை சரிபார்த்துப் பூட்டும் உத்தியை எல்லோரும் பெருமையாக எழுதுவோம். 2004இல் ஜாவா 5 வந்து நினைவக விதிகளைத் திருத்தும் வரை பல த்ரெட்கள் ஓடும் புரோகிராமில் அதை நம்ப முடியாது. திருத்திய பிறகும் வாலடைல் என்ற குறிப்பைச் சேர்த்தால்தான் சரியாக வேலை செய்யும். பொறியைத் தாண்டினாலும், கிடைத்தது சட்டை மாற்றிய குளோபல் வேரியபிள்தான். யார் எதைச் சார்ந்திருக்கிறார் என்பது கிளாஸின் வாசலில் தெரியாது. உள்ளே போய் ஒவ்வொரு வரியாகத் தேட வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் புராஜெக்டுகளில் இ.ஜே.பி. (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) என்று ஒன்று ஓடியது. அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு பீனைப் பிறப்பிக்க ஹோம் இன்டர்ஃபேஸ் ஒன்று, ரிமோட் இன்டர்ஃபேஸ் ஒன்று, பீன் கிளாஸ் ஒன்று, எக்ஸ்.எம்.எல். விவரக் கோப்பு ஒன்று. ஒரு வேலைக்கு நான்கு கோப்பு. நியூவின் சுலபம் ஒரு பக்கம், இந்தச் சடங்கு மறுபக்கம்; இடையில் வழி இல்லாதது போலிருந்தது.

திருப்பம்

வழி ஏற்கெனவே போடப்பட்டுக்கொண்டிருந்தது. நாங்கள்தான் தாமதமாகப் பார்த்தோம். ஜோஷுவா பிளாக் 2001இல் எழுதிய எஃபெக்டிவ் ஜாவாவின் முதல் அறிவுரையே, கன்ஸ்ட்ரக்டருக்குப் பதில் பெயர் வைத்த ஸ்டாட்டிக் ஃபேக்டரி மெத்தடை யோசித்துப் பாருங்கள் என்பதுதான். 2008இல் வந்த இரண்டாம் பதிப்பில், தகவல்கள் அதிகமானால் பில்டரைப் பயன்படுத்துங்கள் என்றார். ராட் ஜான்சன் 2002இல் இ.ஜே.பி. இல்லாமலும் பெரிய மென்பொருள் எழுதலாம் என்று ஒரு புத்தகம் போட்டார். அதோடு வந்த கோட்தான் 2004 மார்ச்சில் ஸ்பிரிங் 1.0 ஆனது. அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு டிபென்டன்ஸி இன்ஜெக்‌ஷன் என்ற பெயர் நிலைத்தது.

கருத்து ஒரு வரிதான்: உனக்கு வேண்டியதை நீயே உருவாக்காதே, வாசலில் கேள். பயணப் பதிவு கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர், டேட்டாபேஸ் கொடு, எஸ்.எம்.எஸ். அனுப்புபவரைக் கொடு என்று கேட்கும். யார் கொடுக்கிறார்கள் என்பது அதன் கவலை இல்லை. ஸ்பிரிங் கன்டெய்னர் எல்லாவற்றையும் உருவாக்கிக் கோத்துத் தரும்.

ஆரம்ப ஸ்பிரிங் சுகமாக இருக்கவில்லை. கோர்ப்பு வேலை முழுவதும் எக்ஸ்.எம்.எல். கோப்பில். நூற்றுக்கணக்கான வரிகள், ஒரு கிளாஸின் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் சர்வர் பாதியில் நின்றுவிடும். 2007இல் ஸ்பிரிங் 2.5 அனோட்டேஷனைக் கொண்டுவந்தது. 2014இல் ஸ்பிரிங் பூட் வந்ததும் எக்ஸ்.எம்.எல். ஏறக்குறைய வழக்கொழிந்தது.

இன்று: வாசலிலேயே சோதனை

அதே லாரிப் பயணத்தை இன்றைக்கு எழுதினால் செட்டர் ஒன்றுகூட இருக்காது. கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட். வெளியிலிருந்து யாரும் நியூ போட முடியாது. பதிலாகப் பெயர் வைத்த இரண்டு வாசல்கள்: ‘சரக்குப் பயணம்’, ‘ஆம்புலன்ஸ் பயணம்’. சரக்கு வாசலில் செக்போஸ்ட் நேரம் இரவு 9க்கும் காலை 6க்கும் இடையில் இருந்தால் எக்ஸப்ஷன். ஆம்புலன்ஸ் வாசலில் அந்தச் சோதனை இல்லை. கன்ஸ்ட்ரக்டருக்குப் பெயர் வைக்க முடியாது. இந்த மெத்தடுகளுக்கு முடியும், எந்த விதி பொருந்துகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். மைசூரில் 1996 முதல் ரூபாய் நோட்டு அச்சகம் இயங்குகிறதே, அந்தக் கட்டுப்பாடுதான் இது: அச்சகத்திலிருந்து வந்தால்தான் நோட்டு, அங்கிருந்து அரைகுறையாக ஒன்றும் வெளியே வராது. பந்திப்பூரின் 9 மணி நாளைக்கு 10 ஆனால் திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. திரைகளையும் எக்செல் ஏற்றும் பகுதியையும் தேடி அலைய வேண்டாம்.

2014இல் ஜாவா 8உடன் வந்த புதிய தேதி நூலகமும் இப்படித்தான். லோக்கல்டேட்டில் நியூ போட முடியாது. ‘ஆஃப்’ என்று ஒரு மெத்தட். 2005, 3, 1 கொடுத்தால் மார்ச் 1தான். பிப்ரவரி 30 கேட்டால் அங்கேயே மறுத்துவிடும். அதே நூலகத்தில் கிளாக் என்ற கிளாஸும் வந்தது. இப்போது மணி என்ன என்பதையும் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கலாம். டெஸ்டில் காலை 10 மணியிலேயே நின்றுபோன ஒரு கிளாக்கைக் கொடுத்தால், எந்த நேரத்தில் ஓட்டினாலும் பச்சை. இரவு 8 மணியில் நின்ற இன்னொன்றைக் கொடுத்தால் லாரியை மறுக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். எஸ்.எம்.எஸ். அனுப்புபவருக்குப் பதில் ஒரு போலி. எந்த டிரைவருக்கும் தூக்கம் கெடுவதில்லை.

தகவல் தாங்கும் சிறிய கிளாஸ்களுக்கு 2021 மார்ச்சில் ஜாவா 16உடன் ரெக்கார்ட் நிலைபெற்றது. எடை என்று ஒரு ரெக்கார்ட் எழுதி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் மறு என்று அதன் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு வரி போட்டால் போதும். பிறந்த பிறகு அதன் மதிப்பை மாற்ற முடியாது. தகவல் ஐந்தாறைத் தாண்டும்போது பில்டர்: ‘புறப்படும் ஊர் மைசூரு, சேரும் ஊர் கூடலூர்’ என்று பெயர் சொல்லியே கொடுப்பதால் ஊர்களை மாற்றிக் கொடுப்பது எளிதில் நடக்காது. பைத்தானிலும் கோட்லினிலும் மொழியே இந்த வசதியைத் தருகிறது. ஜாவாவில் தராததால்தான் பில்டருக்கு இத்தனை மவுசு. அதற்கும் குறை உண்டு. சேரும் ஊரை மறந்தால் பில்ட் மெத்தடைக் கூப்பிடும்போதுதான் தெரியும். கம்பைலர் முன்கூட்டிச் சொல்லாது.

சார்புகளுக்கு இன்று ஒரு தெளிவான வழக்கம் நிலைத்துவிட்டது: கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே வாங்கு. 2016இல் வந்த ஸ்பிரிங் 4.3இலிருந்து, கிளாஸில் ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அனோட்டேஷன்கூடத் தேவையில்லை. இதில் ஒரு பக்கவிளைவு, அதுவும் நல்ல விளைவு. ஒரு கிளாஸ் பதினோரு பேரைக் கேட்டால் கன்ஸ்ட்ரக்டர் அசிங்கமாகத் தெரியும். அந்த அசிங்கம்தான் இந்த கிளாஸ் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்ற தகவல். அன்று பதினோரு நியூ உள்ளே சிதறிக் கிடக்கும், யாருக்கும் உறுத்தாது. இவன் அவனைக் கேட்டு, அவன் இவனைக் கேட்கும் வட்டச் சார்பை ஸ்பிரிங் பூட் 2.6 முதல் தானாக அனுமதிப்பதில்லை, கிளம்பும்போதே நின்றுவிடும்.

இழந்ததும் திரும்பி வந்ததும்

எல்லாம் முன்னேற்றம் என்று எழுதி முடிக்க முடியாது. சென்ற பேட்சில் ஒரு பெண் வகுப்பு முடிந்த பிறகு லேப்டாப்போடு வந்தார்.

“சார், இந்த ஆப்ஜெக்டை எங்க நியூ போட்டிருக்காங்க? புராஜெக்ட் பூரா தேடிட்டேன், கிடைக்கல.”

“எங்கயும் இல்லம்மா. ஸ்பிரிங் போடுது.”

“அது எப்ப போடுது? நான் போடச் சொல்லவே இல்லையே?”

நியாயமான கேள்வி. 2005இல் இந்தக் கேள்வி எழவே எழாது. ஆப்ஜெக்ட் பிறக்கும் வரி கண்முன்னே இருந்தது. இன்று அனோட்டேஷன் போடத் தெரிந்த பலருக்கு அது என்ன செய்கிறது என்று தெரிவதில்லை. ஓடும்போது ‘பீன் கிடைக்கவில்லை’ என்று ஒரு பக்கத்துக்குப் பிழைச் செய்தி வந்தால், இன்னும் இரண்டு அனோட்டேஷனைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஃபேக்டரி மோகம் ஒன்றும் உண்டு. ஒரே ஒரு கிளாஸுக்கு ஓர் இன்டர்ஃபேஸ், அதைப் பிறப்பிக்க ஒரு ஃபேக்டரி, அந்த ஃபேக்டரியைப் பிறப்பிக்க இன்னொன்று. நாளைக்குத் தேவைப்படும் என்பார்கள். அந்த நாளை வருவதே இல்லை. காலிப் பட்டியல் ஒன்றை உருவாக்க நியூ அரேலிஸ்ட் என்று எழுதுவதில் எந்தக் குற்றமும் கிடையாது. எந்த வகையை உருவாக்குவது, எந்த விதியைச் சோதிப்பது, எதை மாற்றிக் கொடுப்பது என்று தீர்மானம் ஒன்று இருந்தால்தான் ஃபேக்டரிக்கு வேலை. தீர்மானம் இல்லாத இடத்தில் அது வெறும் சுற்றுவழி.

பழைய வெற்றுக் கன்ஸ்ட்ரக்டரும் போய்த் தொலையவில்லை. டேட்டாபேஸோடு பேசும் ஜே.பி.ஏ. என்டிட்டிக்கு எதுவும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று கட்டாயம். அதை ப்ரொடெக்டட் என்று வைத்து வெளியாட்களிடமிருந்து மறைக்கலாம், பலர் மறைப்பதில்லை. லோம்பாக் நூலகத்தால் கெட்டர், செட்டர், பில்டர், வெற்றுக் கன்ஸ்ட்ரக்டர், நிறை கன்ஸ்ட்ரக்டர் அத்தனையும் கிளாஸின் தலையில் நான்கு அனோட்டேஷனாக அடுக்கிவிடலாம். இப்போது ஏ.ஐ. உதவியாளரிடம் ஒரு பயணம் கிளாஸ் கேட்டால், பல சமயம் அந்த நான்கையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. பார்க்க நவீனமாக இருக்கும். உள்ளே 2005தான்: யார் வேண்டுமானாலும் வெறுமையாகப் பிறப்பிக்கலாம், யார் வேண்டுமானாலும் பிறகு மாற்றலாம், இரவு 11 மணி லாரி மறுபடி காட்டுக்குள் போகலாம். கோட் எழுதும் வேகம் கூடியிருக்கிறது. தவறான நிலையில் இந்த ஆப்ஜெக்ட் பிறக்க வழி இருக்கிறதா என்று ரிவ்யூவில் கேட்க வேண்டியது இன்னும் மனிதர்கள்தான்.

அதனால் என் வகுப்பில் ஸ்பிரிங்கை இப்போது தள்ளிவைத்திருக்கிறேன். முதல் சில நாள் வெறும் ஜாவா. லாரி சர்வீஸுக்குத் தேவையான கிளாஸ்கள் எல்லாம் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கும்படி எழுத வேண்டும். பிறகு மெயின் மெத்தட் ஒன்றில் மட்டும் நியூ போட்டு, கிளாக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கையால் கோக்க வேண்டும். இருபது முப்பது வரி வரும். எதை முதலில் பிறப்பிக்க வேண்டும், எது எதற்காகக் காத்திருக்கிறது, வட்டம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அந்த வரிகளிலேயே அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு மெயினை அழித்துவிட்டு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தால், தாங்கள் கையால் செய்த அதே வேலையை அது செய்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பீன் கிடைக்கவில்லை என்ற பிழை வரும்போது, தங்கள் முப்பது வரியில் எந்த வரி விடுபட்டது என்று தேடுகிறார்கள். அனோட்டேஷனை அள்ளித் தெளிப்பதில்லை.